மலைப்பாதையில் ஒரு பகல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலைப்பாதையில் வண்டி ஓட்டத் தொடங்கி 27 ஆண்டுகள் ஆகின்றன. முதல் 14 ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டினேன். அதன் பிறகு, சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு மலையில் ஓட்டக் கற்றுக்கொடுப்பதே வேலையாகிவிட்டது. இந்த முறை வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ஒரு நாளில் எத்தனை இடங்களைப் பார்க்கலாம்? மலையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது, வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள் என்பதுதான் அவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் பதில். இருட்டுவதற்கு முன் அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும். அந்த நேரத்தை முதலில் தாளில் எழுதுங்கள். மற்றவற்றை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதுங்கள்.

கோவையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு 68 வயது, மகனுக்கு ஏழு வயது. ஊட்டியா, வால்பாறையா? ஊட்டி என்றால் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா மூன்றையும் முடித்துவிட முடியுமா?

வால்பாறைக்குப் போங்கள். நீங்கள் எழுதிய மூன்று இடங்களையும் ஒரே நாளில் முடிக்கலாம். ஆனால் அந்த நாளின் பெரும்பகுதி வண்டி நிறுத்த இடம் தேடுவதிலும் டிக்கெட் வரிசையிலும் கழியும். ஊட்டிக்கு இரண்டு நாளாவது வேண்டும். வால்பாறை அப்படியில்லை. அங்கே பார்க்க வேண்டியதில் பாதி, போகிற வழியிலேயே இருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கி.மீ. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். மகனை எண்ணச் சொல்லுங்கள், வழி முழுவதும் அவனுக்கு அதுவே வேலை. கோவையை விட்டு 5.30-க்குக் கிளம்புங்கள். பொள்ளாச்சியில் காலை உணவு, கூடவே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். 8 மணிக்குள் ஆழியாறு வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் நாள் உங்கள் கையில் இருக்கும்.

ஒன்பதாவது வளைவில் ஒரு காட்சிமுனை இருக்கிறது. கீழே ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பும் அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளியின் தென்னந்தோப்புகளும் விரிந்து கிடக்கும். அரை மணி நேரமாவது அங்கே நில்லுங்கள். காலை வேளையில் பாறைச் சரிவில் வரையாடுகள் மேய்வதைப் பார்க்கலாம். நம் மாநில விலங்கை, கூண்டோ கம்பிவேலியோ இல்லாமல், சாலையோரத்திலேயே இவ்வளவு எளிதாகப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. அவை கிட்டே வந்தாலும் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். பிஸ்கட்டுக்குப் பழகிய வரையாடு சாலைக்கு வந்து அடிபடும்.

மேலே அட்டகட்டி, வாட்டர்ஃபால் தேயிலைத் தோட்டங்கள். ஊருக்குள் நுழையுமுன் புதுத்தோட்டம் பகுதியில் வேகத்தைக் குறையுங்கள். சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும் இடம் அது. அவை தரையில் இறங்காமல் கடப்பதற்காக மரத்துக்கு மரம் தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். மகனுக்கு அதையும் காட்டுங்கள்.

வால்பாறையில் மதிய உணவு. அதற்குப் பிறகு ஓர் இடம் மட்டும். அம்மா கூட வருவதால் நல்லமுடி காட்சிமுனையை விட்டுவிட்டுச் சோலையாறு அணை வரை போய் வாருங்கள். அங்கே நடக்க வேண்டியது குறைவு, வழியெங்கும் தேயிலை. கூழாங்கல் ஆற்றில் கால் நனைக்கலாம் என்று யாராவது சொன்னால், மழைக்காலத்தில் கரையோடு நின்றுவிடுங்கள். மேலே பெய்த மழை உங்களுக்குத் தெரியாமலே கீழே வெள்ளமாக வரும். மூன்று மணிக்கு வால்பாறையை விட்டு இறங்கத் தொடங்கினால் ஐந்தரைக்குள் ஆழியாறு. கவர்க்கல் பகுதியில் பிற்பகலில் மூடுபனி இறங்கும். மூன்று மணி என்பது நான்காக நழுவக் கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

உரிமம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. சென்னையில் தினமும் ஓட்டுகிறேன். முதல் மலைப்பயணத்துக்கு எந்த மலை?

ஏலகிரி. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே போனால் அடிவாரம். 14 வளைவுகள்தான். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். பாரி வளைவில் திணறினேன், ஓரி வளைவில் தேறினேன் என்று ஒரு மாணவர் எனக்கு எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. அது பழகிய பிறகு ஏற்காடு, அங்கே 20 வளைவுகள். கொல்லிமலையையும் வால்பாறையையும் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தில் ஓட்டியவருக்கு மலையில் மூன்று பழக்கங்கள் புதிதாக வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் கியர் மாற்றாதீர்கள். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு, சரிவு செங்குத்தாக இருந்தால் முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். அடுத்தது, வலப்பக்கம் திரும்பும் வளைவில் உள்பக்கத்தை ஒட்டிக் குறுக்கே வெட்டத் தோன்றும். அந்த இடம் எதிரில் வருபவருடையது. பஸ்ஸுக்கு வளைவின் முழு அகலமும் தேவைப்படும் என்பதால், மேலேயோ கீழேயோ பஸ் தெரிந்தால் வளைவுக்கு இரண்டு கார் நீளம் முன்பாகவே நின்றுவிடுங்கள். மூன்றாவது, குறுகலான சரிவில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் இறங்குகிற வண்டிதான் நின்று வழிவிட வேண்டும். இது மரியாதைக்காகச் செய்வது மட்டுமல்ல, சாலை விதியிலேயே இருக்கிறது. ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கடினம், பின்னால் உருளவும் கூடும்.

ஊட்டியிலிருந்து இறங்கும்போது குன்னூர் தாண்டியதும் டயர் பக்கம் கருகிய நாற்றம் வந்தது. பிரேக் மிதித்தால் உள்ளே போனது. பயந்துவிட்டோம். காரைச் சோதித்த மெக்கானிக் ஒரு கோளாறும் இல்லை என்கிறார். பிறகு ஏன் அப்படி?

மெக்கானிக் சொன்னது சரியாகவே இருக்கும். உங்கள் காரில் கோளாறு இல்லை, இறங்கிய முறையில்தான் பிழை. இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். இதை மட்டும் படித்தாலும் போதும்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குள் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எஞ்சினும் காற்றும் பிரேக்கும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நான்காவது கியரில், கால் பிரேக்கிலேயே இருக்க இறங்கினால், எஞ்சின் தன் பங்கை எடுத்துக்கொள்வதில்லை. சுமை முழுவதும் பிரேக் தகடுகள் மேல் விழுகிறது. முதலில் நாற்றம் வரும், பிறகு பிடிமானம் குறையும். சூடு இன்னும் ஏறினால் பிரேக் எண்ணெயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். அப்போது மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதால் பட்டறையில் ஒன்றும் தெரியாது.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த லாரி ஓட்டுநர் சொல்வார். பெரும்பாலான வளைவுகளுக்கு இரண்டாவது கியர். எஞ்சின் உறுமும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கும்போது வரும் அந்த உறுமல், எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கும் சத்தம். பிரேக்கை இடைவெளி விட்டு விட்டு, அழுத்தமாக, கொஞ்ச நேரம் மட்டும் மிதியுங்கள். தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ஆட்டோமேட்டிக் காரில் 'டி'யில் விட்டால் அது தானாகவே மேல் கியருக்குப் போய்விடும். 'எல்' அல்லது கையால் கியர் மாற்றும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுவதும், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதும் உயிரோடு விளையாடுவது. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசையும் போய்விடும்.

நாற்றம் வந்துவிட்டால், அகலமான சமதளத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான தகடு விரிசல் விடும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கல்லைச் சாலையிலேயே விட்டுச் சென்ற யாரோ ஒருவரால், இரவில் கீழே விழுந்த ஓர் இளைஞனைத் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவன் நான். இன்றும் சாலையில் கல் கிடந்தால் இறங்கி எடுத்துப் போட்டுவிட்டுத்தான் போகிறேன்.

ஆறிய பிறகும் மிதி மெத்தென்று இருந்தால் ஓட்டாதீர்கள், உதவி கேளுங்கள். ஓடும்போதே பிரேக் பிடிக்காமல் போனால் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கம் உரசி நிறுத்துங்கள். பள்ளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். கார் கீறுவதைப் பற்றி அந்த நேரத்தில் யோசிக்காதீர்கள். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

இ-பாஸ் எங்கெங்கே வேண்டும்?

நீலகிரி மாவட்டத்துக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. தமிழக அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. 2025 கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஏப்ரல், மே மாதங்களில் போவதாக இருந்தால் விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இ-பாஸ் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை நீலகிரிச் சாவடிகளில் பிடுங்கிவிடுவார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள்.

ஊட்டியில் இரண்டு நாள் தங்கிவிட்டு மசினகுடி வழியாக மைசூர் போக நினைக்கிறோம். கைப்பேசி வரைபடம் கல்லட்டி வழியைக் காட்டுகிறது. நல்ல பாதையா?

அந்த வழியில் இறங்க உங்களை விடமாட்டார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதை மிகவும் செங்குத்தானது. பிரேக் பிடிக்காமல் வெளியூர் வண்டிகள் அடுத்தடுத்து விபத்துக்குள்ளானதால், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறலாம்.

நீங்கள் கூடலூர் வழியாகப் போங்கள். சுற்று என்று வருத்தப்பட வேண்டாம். பைக்காரா நீர்த்தேக்கம், ஊசிமலை, தவளைமலை, நடுவட்டம் என்று அந்த வழியில் நின்று பார்க்க நிறைய இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை நீலகிரியின் மிக அழகான இறக்கம் அதுதான். தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் வனப்பாதை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். ஆனால் 9 மணியை இலக்காக வைக்காமல் மாலை 4 மணிக்குள் காட்டைக் கடந்துவிடுங்கள்.

வளைவுப் பாதை என்றாலே மகள் வாந்தி எடுக்கிறாள். பத்து வயது. மலைப் பயணமே வேண்டாமா?

தாராளமாகப் போகலாம். வாந்தியில் பாதி, ஓட்டுபவர் கையில் இருக்கிறது. வளைவுக்கு வேகமாக வந்து சட்டென்று பிரேக் அடித்து மறுபடி இழுத்தால் யாருக்கும் வயிறு புரட்டும். ஒரே சீராக ஓட்டச் சொல்லுங்கள். மகளைப் பின் இருக்கையின் நடுவில், முன்கண்ணாடி வழியாகத் தொலைவு தெரியும்படி உட்கார வையுங்கள். பெல்ட் கட்டாயம். கைப்பேசியும் புத்தகமும் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, நெய்ப் பொங்கலும் ஆகாது. இரண்டு இட்லி போதும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் காற்று வாங்குங்கள். மாத்திரை தேவையென்றால் குழந்தை மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். அந்த மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை. ஓட்டுகிறவர் தப்பித் தவறியும் போட்டுக்கொள்ளக் கூடாது.

மின்சாரக் காரில் ஊட்டி போகலாமா? பேட்டரி 30 யூனிட். சமவெளியில் 200 கி.மீ. ஓடுகிறது.

போகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 51 கி.மீ. சமவெளிக் கணக்கில் அதற்கு 8 யூனிட் வரை ஆகும். காரின் எடையை 1,900 மீட்டர் மேலே தூக்குவதற்குக் கூடுதலாக 9 யூனிட்டாவது வேண்டும். ஆக, பேட்டரியில் பாதிக்கு மேல் ஏற்றத்திலேயே போய்விடும். மேட்டுப்பாளையத்தில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து, மின்சாரத்தைத் திருப்பித் தரும். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமிருக்காது, மோட்டார் பிடிக்கும் பிடியும் குறைந்துவிடும். அதனால் ஊட்டியில் 100 விழுக்காடு நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள், 70 போதும்.

கொல்லிமலைக்கு நண்பர்கள் ஆறு பேர் மோட்டார் சைக்கிளில் போகிறோம். காலை ஏறி, ஆகாயகங்கை அருவியில் குளித்துவிட்டு மாலை இறங்கத் திட்டம்.

காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள். அதை விட எனக்குக் கவலை தருவது அருவிப் படிகள். ஏறத்தாழ ஆயிரம் படிகள் இறங்கிக் குளித்துவிட்டு அதே படிகளை ஏறி வந்தால் தொடை நடுங்கும். அந்தக் காலோடு, ஈர உடையோடு, மங்கும் வெளிச்சத்தில் 70 வளைவுகள் இறங்க வேண்டும். ஓர் இரவு செம்மேட்டில் தங்குங்கள். முடியாது என்றால் காலையிலேயே அருவியை முடித்துவிட்டு, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, மூன்று மணிக்கு இறங்குங்கள். ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் நெரியும். விழாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி, பாதைக்காகப் போகிறவர்கள் வேறு நாள் பாருங்கள்.

மலைக்குப் போக எந்த மாதம் நல்லது?

எந்த மலை என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். வால்பாறையும் கூடலூரும் தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் பக்கம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே ஓயாத மழை. குன்னூர், கோத்தகிரிப் பாதைகள் கிழக்குச் சரிவில் இருப்பதால் அவற்றுக்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான் ஆபத்து. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளைப் பார்த்தவர்கள் அந்த மாதங்களில் மழை எச்சரிக்கை வந்தால் கிளம்ப மாட்டார்கள். ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் வானம் தெளிந்திருக்கும், எல்லா மலைக்கும் ஏற்ற காலம். வார நாட்களில் போக முடிந்தால் இன்னும் நல்லது.

மூடுபனியில் மாட்டிக்கொண்டால் தாழ்ந்த ஒளியில் விளக்கைப் போடுங்கள். உயர்ந்த ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி போகும் பாதையில் யானை வரும் என்கிறார்கள். வந்தால் என்ன செய்வது?

வரும். அது யானையின் வீடு. மாலையில் சோதனைச் சாவடிகளை மூடிவிடுவார்கள். வால்பாறையிலிருந்து காலையில் கிளம்பினால்தான் நிம்மதியாகப் போக முடியும். யானையைக் கண்டால் தொலைவிலேயே நில்லுங்கள். ஹாரன் கூடாது, விளக்கை அடித்துக் காட்டக் கூடாது, படமெடுக்க இறங்கவே கூடாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். அது உங்களை நோக்கி வந்தால் மெதுவாகப் பின்னே எடுங்கள். முன்னால் கூட்டம் கடந்துவிட்டாலும் கொஞ்சம் பொறுங்கள், பின்னால் குட்டியோடு ஒன்று வந்துகொண்டிருக்கலாம். வால்பாறையில் யானைகள் அருகில் இருப்பதைத் தெரிவிக்கச் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் உள்ளூர்க்காரர்களே நின்றுவிடுவார்கள், நீங்களும் நில்லுங்கள்.

அப்பா 1970-களில் பழனியில் வேலை பார்த்தபோது கொடைக்கானல் போனவர். இப்போது 76 வயது. ஏரி, கடைகள் எதுவும் வேண்டாம், அந்தக் காலத்து மலைப்பாதை மாதிரி ஒன்றில் மெதுவாகப் போய் வந்தால் போதும் என்கிறார். அப்படி ஏதாவது பாதை மிச்சமிருக்கிறதா?

இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து நேரே கொடைக்கானல் ஏறாமல், அய்யம்பாளையம், சித்தரேவு வழியாகப் பெரும்பாறை ஏறி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு போய் ஊத்து என்ற இடத்தில் பெரிய சாலையைப் பிடியுங்கள். கொடைக்கானலுக்குள் போகாமல் ஊத்திலிருந்தே வத்தலக்குண்டுக்கு இறங்கிவிடலாம். இறங்கும் வழியில் டம்டம் பாறையில் நின்றால் எதிர்மலையில் எலிவால் அருவி தெரியும். 297 மீட்டர் உயரம், மழைக்குப் பிறகு வெள்ளை நூல் தொங்குவதுபோல் இருக்கும்.

பெரும்பாறைச் சாலை குறுகலானது. பஸ் எதிரே வந்தால் ஒதுங்க இடம் பார்த்து நிற்க வேண்டும், அதனால் யாரும் வேகமாகப் போக முடியாது. உங்கள் அப்பாவுக்கு வேண்டியதும் அதுதானே. தாண்டிக்குடி முருகன் கோயிலுக்குக் கூட்டிச் செல்லுங்கள். முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டினார் என்பது ஊர்க்கதை. பழனியில் இருந்தவருக்கு அது பிடிக்கும். பண்ணைக்காட்டில் மலைவாழைத் தார் கிடைத்தால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவை முன் இருக்கையில் உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் முதல் கோடைமழை பெய்து ஒரு வாரம், பத்து நாளுக்குப் பிறகு போக முடிந்தால், வழியெங்கும் காப்பி பூத்திருக்கும். மல்லிகை மாதிரி மணக்கும்.